நாலடி டேங்கில் ஆஸ்கர்: துணைக்கு எந்த மீன் விடலாம்?

தேவகோட்டை தம்பி:

எல்லாருக்கும் வணக்கம். வீட்டில் ஒரு நாலடி டேங்க் இருக்கிறது. அகலம் ஒன்றரை அடி, உயரம் ஒன்றரை அடி. அதில் ஒரே ஒரு டைகர் ஆஸ்கர், இப்போது ஏழு அங்குலம் இருக்கும். நன்றாகச் சாப்பிடுகிறது, கண்ணாடிக்குப் பக்கத்தில் போனால் ஓடி வருகிறது. ஆனால் கொஞ்ச நாளாக மதிய நேரத்தில் ஒரு மூலையில் போய் நின்றுவிடுகிறது. "பாவம், தனியா இருக்கு, ஒரு ஜோடி வாங்கி விடு" என்று வீட்டில் சொல்கிறார்கள்.

கடையில் அதே அளவில் ஒரு ஃபிளவர்ஹார்னைக் காட்டினார்கள். "ரெண்டும் ஒரே சைஸ், ஒண்ணும் ஆகாது" என்கிறார் கடைக்காரர். கூடவே பாசி தின்னும் சக்கர் மீன் ஒன்று, கூட்டமாகத் திரியும் தட்டையான சில்வர் டாலர் மீன் நாலு எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். எதை வாங்கலாம், எதை விடலாம்? எங்கள் வீட்டுத் தண்ணீர் போர் தண்ணீர். பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும்.

செக்காலை மீன்காரர்:

தம்பி, ஃபிளவர்ஹார்ன் வேண்டவே வேண்டாம். மற்றதைப் பேசலாம்.

ஃபிளவர்ஹார்ன் எந்த ஆற்றிலும் பிறந்த மீன் இல்லை. 1990களில் மலேசியாவில், சிக்லிட் என்ற மீன் குடும்பத்தின் மத்திய அமெரிக்க வகைகளைக் கலந்து உருவாக்கியது. தலைமேட்டுக்காகவும் நிறத்துக்காகவும் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்தார்கள். அதோடு முரட்டுத்தனமும் சேர்ந்தே வந்தது. அது இருக்கும் டேங்க் முழுக்கத் தன்னுடையது என்று நினைக்கும். ஆஸ்கர் தென் அமெரிக்க சிக்லிட். உடம்பு பெரிது, வாய் பெரிது, ஆனால் சண்டை என்று வந்தால் அதன் அளவுக்கு ஏற்ற சண்டைக்காரன் இல்லை. ஒரே அளவில் இருப்பதால் ஒன்றை ஒன்று விழுங்காது, அவ்வளவுதான். அடிக்காது என்று அதற்கு அர்த்தம் இல்லை.

அதைவிட முக்கியம் இடம். ஆற்றில் தோற்ற மீன் பத்தடி தள்ளிப் போய்விடும், ஜெயித்த மீனும் அதோடு விட்டுவிடும். சண்டை அங்கேயே முடிகிறது. டேங்கில் தோற்ற மீனுக்குப் போக இடம் இல்லை. ஜெயித்த மீனின் கண்ணுக்கு அது இன்னும் தன் எல்லைக்குள்தான் நிற்கிறது. அதனால் அடித்துக்கொண்டே இருக்கும். காலையில் பார்த்தால் ஒன்று வால் கிழிந்து மேல் மூலையில் தொங்கிக்கொண்டிருக்கும்.

உங்கள் டேங்க் ஒன்பது கன அடி, அதாவது சுமார் 255 லிட்டர். மணல், கல் போக இன்னும் குறையும். ஆஸ்கர் நன்றாக வளர்ந்தால் ஓர் அடியைத் தொடும். அந்த ஒரு மீனுக்கே இந்த டேங்க் அளவாகத்தான் இருக்கும்.

பள்ளத்தூர் ஆச்சி:

தம்பி, துணை வாங்குவதற்கு முன்னால் தண்ணீரைப் பாருங்கள். ஆஸ்கர் கூட்டமாக வாழ வேண்டிய மீன் இல்லை. தனியாக வைத்தால் வாடிப் போகாது. வீட்டு ஆட்களை அடையாளம் தெரிந்துகொண்டு, சாப்பாடு தரும் கையைப் பார்த்துத் துள்ளும். அது மூலையில் போய் நிற்கிறது என்றால் பெரும்பாலும் தண்ணீரில்தான் கோளாறு. மீன் கழிவிலிருந்து வரும் விஷங்களான அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். சொட்டு மருந்து மாதிரி டெஸ்ட் கிட் கிடைக்கிறது, வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்கர் நிறையச் சாப்பிட்டு நிறையக் கழிவு போடும் மீன். வாரத்துக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு தண்ணீராவது மாற்ற வேண்டும்.

மதியத்தில்தான் நிற்கிறது என்கிறீர்கள். சித்திரை, வைகாசியில் நம்ம பக்கம் டேங்க் தண்ணீர் 32 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டிவிடும். 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் அதிகபட்சம் சுமார் 8.2 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். 32 டிகிரியில் 7.3தான். அதே நேரத்தில் சூட்டில் மீனின் உடம்பு வேகமாக இயங்கி அதிக ஆக்சிஜன் கேட்கும். செவுள் வேகமாக அடிக்கிறதா என்று பாருங்கள். இந்த நிலையில் இன்னொரு பெரிய மீனை உள்ளே விட்டால் இரண்டுக்கும் கஷ்டம்.

புதுவயல் ஃபிஷ் ரூம்:

செக்காலை அண்ணே சொல்வதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். ஃபிளவர்ஹார்ன் என்றாலே தனியாகத்தான் வைக்க வேண்டும் என்பது சரியில்லை. என்னிடம் ஒரு ஃபிளவர்ஹார்னும் ஒரு பேரட் சிக்லிட் மீனும் ஐந்தடி டேங்கில் ஒன்றாக இருக்கின்றன. ஒரு கீறல்கூட இல்லை. சின்னதிலிருந்தே சேர்த்து வளர்த்தால் பழகிக்கொள்ளும்.

செக்காலை மீன்காரர்:

புதுவயல் தம்பி, உங்கள் டேங்கில் நடப்பது உண்மைதான். மீனுக்கு மீன் குணம் மாறும், அதை நான் மறுக்கவில்லை. ஒரே தாய்க்குப் பிறந்த குஞ்சுகளில் ஒன்று சாதுவாக இருக்கும், ஒன்று விரலைக் கடிக்க வரும். ஆனால் இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள்.

உங்களிடம் இருப்பது ஆணும் பெண்ணுமாக இருக்கலாம். ஃபிளவர்ஹார்னும் பேரட்டும் ஜோடி சேர்வது சகஜம். ஜோடியாக இருக்கும் வரை சமாதானம், முட்டை போடும் நேரம் வந்தால் கணக்கு மாறும். அப்போது அந்த மூலைப் பக்கம் எந்த மீனும் போக முடியாது. சில நேரம் ஆண் பெண்ணையே விரட்டும்.

இரண்டாவது பேரட்டின் வாய். அதுவும் கலப்பு மீன்தான். வாய் முழுதாக மூடாது. சிக்லிட்கள் வாயோடு வாய் கவ்வித்தான் பலத்தைப் பார்த்துக்கொள்ளும். அந்தச் சண்டையில் பேரட்டால் சரியாகக் கவ்வவே முடியாது. ஃபிளவர்ஹார்னுக்கு ஒருநாள் கோபம் வந்துவிட்டால் பேரட்டிடம் திருப்பி அடிக்க ஆயுதம் இல்லை. நடுவில் போட ஒரு தடுப்புக் கண்ணாடியை டேங்க் பக்கத்திலேயே வைத்திருங்கள். இதை உங்கள் மீன்மேல் உள்ள அக்கறையில் சொல்கிறேன்.

சின்னதிலிருந்தே சேர்த்து வளர்த்தால் பழகும் என்பதை நம்பி நிறையப் பேர் ஏமாந்திருக்கிறார்கள். மூன்று அங்குலத்தில் எல்லா சிக்லிட்டும் நல்ல பிள்ளைதான். இனப்பெருக்க வயது வந்த பிறகுதான் உண்மையான குணம் தெரியும்.

கோட்டையூர் நீர்வாசி:

எல்லாரும் குணத்தையே பேசுகிறோம். தண்ணீரை வைத்து யோசித்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும் என்பது என் எண்ணம்.

தம்பி வீட்டுத் தண்ணீர் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறது என்றால் நல்ல கடினத் தண்ணீர், அதாவது உப்பு அதிகம். மத்திய அமெரிக்க சிக்லிட்களுக்கு அது பிடிக்கும். ஜாக் டெம்ப்சி, டெக்சாஸ், ஜாகுவார், ரெட் டெவில் எல்லாம் அந்தப் பக்கத்து மீன்கள். ஃபிளவர்ஹார்னுக்கும் பொருந்தும். ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி மீன்களுக்கு இன்னும் நன்றாகப் பொருந்தும். அந்த ஏரியில் பிஎச், அதாவது தண்ணீரின் அமில-காரத் தன்மையின் அளவு, 7.8க்கு மேல்தான் இருக்கும். ஆஸ்கரின் சொந்தத் தண்ணீர் அமேசான், மென்மையானது. ஆனாலும் ஆஸ்கர் தாக்குப்பிடிக்கும் மீன், பிஎச் 8 வரை சமாளிக்கும். டிஸ்கஸ் மீன் மாதிரி நோஞ்சான் இல்லை.

அதனால் ஆஸ்கரோடு சேர்க்கும் மீனும் இரண்டு பக்கமும் சமாளிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். சில்வர் டாலர் அப்படிப்பட்டதுதான். நம் ஊர்ப் பழைய வீடுகளில் வளவு என்கிற நடு முற்றத்தின் ஓட்டிலிருந்து விழும் மழைத் தண்ணீரை அண்டாவில் பிடித்து வைக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அந்தத் தண்ணீரில் உப்பே இல்லை. முதல் மழையை விட்டுவிட்டு அப்புறம் பிடித்து, போர் தண்ணீரோடு கலந்து விடலாம். ஒரே நாளில் பாதி டேங்கை மாற்றிவிடாதீர்கள், பிஎச் சட்டென்று இறங்கும். வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். நகராட்சிக் குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் எடுக்கும் மருந்து கட்டாயம்.

புதுவயல் ஃபிஷ் ரூம்:

அப்படியானால் மலாவி மீன்களையே ஆஸ்கரோடு விடலாமே? அவையும் முரட்டு மீன்கள்தானே, தாங்காதா?

கோட்டையூர் நீர்வாசி:

தாங்காது. சாப்பாடு ஒத்து வராது. மலாவியின் பாறை மீன்கள் பாசியைச் சுரண்டித் தின்பவை. ஆஸ்கருக்குப் போடும் புரதம் நிறைந்த பெல்லட்டை, அதாவது உருண்டைத் தீவனத்தைத் தின்றால் வயிறு வீங்கிச் செத்துப் போகும். பாசி சேர்ந்த உணவைப் போட்டால் ஆஸ்கருக்குப் பற்றாது. முரட்டுத்தனத்தின் வகையும் வேறு. மலாவி மீன்களை நெருக்கமாக, நிறைய எண்ணிக்கையில் வைப்பார்கள். திருவிழாக் கூட்டத்தில் ஒருவரை மட்டும் துரத்திப் பிடிக்க முடியாத மாதிரி, அடி ஒரே மீன் மேல் விழாமல் பிரிந்துவிடும். இந்த வித்தையைப் பெரிய அமெரிக்க சிக்லிட்களிடம் செய்ய முடியாது. ஓர் அடி மீன்களை நெருக்கி அடைத்தால் சண்டைக்கு முன்னால் தண்ணீரே அவற்றைக் கொன்றுவிடும்.

பள்ளத்தூர் ஆச்சி:

சக்கரைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. கடையில் விரல் நீளத்தில் விற்பார்கள், டேங்கைச் சுத்தம் செய்யும் என்பார்கள். அது ஒன்றரை அடி வரை வளரும் மீன். பாசியைத் தின்பதைவிட அதிகம் கழிவு போடும். உடம்பெல்லாம் ஓடு, துடுப்பில் முள். ஆஸ்கரிடம் அடி வாங்காமல் பிழைத்துக்கொள்ளும், அது வாஸ்தவம். ஆனால் சின்னதாக வாங்கி விட்டால் ஆஸ்கர் விழுங்கப் பார்க்கும். முள்ளை விரித்துக்கொண்டு தொண்டையில் மாட்டும். நம்ம பக்கம் கெளுத்தி கையில் குத்தி வாங்கியவர்களுக்கு அந்த முள் எப்படி நிற்கும் என்று தெரியும். பிக்டஸ் மாதிரி முள் கெளுத்திகள் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். மெதுவாக நீந்தும் அகல உடம்பு மீன் பக்கத்தில் இருந்தால் சக்கர் இரவில் ஒட்டிக்கொண்டு மேல் வழுவழுப்பை உறிஞ்சவும் செய்யும்.

இன்னொன்று. ஆஸ்கருக்கு ஊரணியிலிருந்து ஜிலேபி கெண்டைக் குஞ்சு பிடித்துப் போடும் பழக்கம் இருந்தால் நிறுத்திவிடுங்கள். புழுவும் பேனும் அதோடு வரும். நல்ல பெல்லட், அவ்வப்போது உரித்த இறால் துண்டு போதும். கோழி, ஆட்டு இறைச்சி வேண்டாம். அந்தக் கொழுப்பு மீனுக்குச் செரிக்காது.

கானாடுகாத்தான் வளவு:

நல்ல பேச்சு போய்க்கொண்டிருக்கிறது. நடுவில் என் கேள்வியையும் வைக்கிறேன். எங்கள் வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் இடம் நிறைய இருக்கிறது. ஏழடிக்கு இரண்டரை அடி டேங்க் செய்யலாம் என்று இருக்கிறேன். சில்வர் அரோவானா, இரண்டு ஆஸ்கர், ஒரு ரெட் டெயில் கேட்ஃபிஷ். சரி வருமா?

செக்காலை மீன்காரர்:

ஐயா, ரெட் டெயிலை மட்டும் எடுத்துவிடுங்கள். அது ஒரு மீட்டரைத் தாண்டும் மீன். வாயைத் திறந்தால் உங்கள் ஆஸ்கர் மொத்தமாக உள்ளே போய்விடும். பகலில் அடியில் படுத்திருப்பதைப் பார்த்துச் சாது என்று நினைப்போம். விடிந்து பார்த்தால் எண்ணிக்கை குறையும். வீட்டு டேங்க் எதுவுமே அதற்குப் பற்றாது.

அரோவானா மேல்மட்டத்து மீன். ஆஸ்கர் நடுவிலும் அடியிலும் திரியும். இருவருக்கும் தளம் வேறு என்பதால் பெரிய டேங்கில் ஒத்துப் போவது உண்டு. ஆனால் அரோவானா முக்கால் மீட்டருக்கு மேல் போகும், உடம்பை வளைத்துத் திரும்ப அகலம் வேண்டும். இரண்டரை அடி என்பதை மூன்றாக்குங்கள். ஆஸ்கர் சின்ன அரோவானாவின் மீசையையும் துடுப்பையும் கடிக்கும். அதனால் அரோவானாவை முதலில் வளர்த்து, அப்புறம் ஆஸ்கரை அதைவிடச் சின்னதாக விடுங்கள். ஆனால் அதன் வாய்க்கு அடங்காத அளவு இருக்க வேண்டும். மூடி கனமாக, பூட்டுவது மாதிரி இருக்கட்டும். அரோவானா தண்ணீரை விட்டுத் துள்ளிப் பூச்சி பிடிக்கும் மீன். இரவில் விளக்கை சட்டென்று போட்டாலே தாவும்.

இரண்டு ஆஸ்கர் என்பதிலும் யோசனை வேண்டும். ஒரே இனம், ஒரே உருவம் என்றால் பகை அதிகம். தன்னைப் போல இருப்பவன்தான் தன் இடத்துக்கும் ஜோடிக்கும் போட்டி என்று மீனுக்குத் தெரியும். வேறு நிறம், வேறு உடல்வாகு உள்ள மீனை அவ்வளவாகக் கண்டுகொள்ளாது.

எடையையும் சொல்லிவிடுகிறேன். நாலடிக்கு இரண்டடிக்கு இரண்டடி டேங்கிலேயே தண்ணீர் மட்டும் 450 கிலோ. நீங்கள் சொல்லும் அளவில் ஒரு டன் தாண்டும். மாடியில் வைக்கவே வைக்காதீர்கள். கீழ்த்தளம்தான், அதிலும் ஸ்டாண்டின் கால்கள் நேரே ஆத்தங்குடித் தரைக்கல்லில் உட்காராமல் அடியில் கனமான பலகை போட வேண்டும். வளவில் வெயில் நேராக விழும் இடமும் வேண்டாம். பாசி பிடிக்கும், தண்ணீர் கொதிக்கும்.

கானாடுகாத்தான் வளவு:

நன்றி தம்பி. ரெட் டெயிலை விட்டுவிடுகிறேன். ஒருவேளை வாங்கியது ரொம்ப வளர்ந்துவிட்டால் எங்கள் ஊர் ஊரணி பெரிது, அதில் விட்டுவிடலாம் என்று நினைத்திருந்தேன்.

பள்ளத்தூர் ஆச்சி:

அதை மட்டும் செய்யாதீர்கள். எந்த மீனாக இருந்தாலும் சரி. தண்ணீர் பஞ்சத்துக்குப் பயந்து, மழைநீர் ஒரு சொட்டு வீணாகாமல் நம் முன்னோர் வெட்டி வைத்தது ஊரணி. மழைக்காலத்தில் கலிங்கு வழியாக ஒன்று நிரம்பி அடுத்ததற்குப் போகும். ஊரணியில் விட்ட மீன் ஒரு வருஷத்தில் கண்மாய்க்குப் போய்விடும். ஜிலேபி கெண்டையும் வெளியிலிருந்து வந்த சிக்லிட்தான். 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். இன்று அது இல்லாத கண்மாய் உண்டா? நம்ம கெண்டையும் குரவையும் எவ்வளவு குறைந்துவிட்டன என்று வலை போடுகிறவர்களைக் கேளுங்கள்.

சக்கரை விட்டால் இன்னும் மோசம். கரையைக் குடைந்து முட்டை போடும், வலையில் மாட்டினால் வலையைக் கிழிக்கும். தமிழ்நாட்டு நீர்நிலைகளில் ஏற்கெனவே பரவிக்கொண்டிருக்கிறது. இங்கே பக்கத்தில் வேட்டங்குடி சரணாலயத்துக்கு வரும் பறவைகள் சுற்றுக் கண்மாய் மீனை நம்பித்தான் குஞ்சு பொரிக்கின்றன. அந்தப் பறவைகள் பயப்படக் கூடாது என்று தீபாவளிக்கு வெடியே போடாத ஊர்க்காரர்கள் இருக்கும் பூமி இது. முள்ளும் ஓடுமான மீனை விழுங்கித் தொண்டையில் சிக்கி கூழைக்கடாக்கள் இறந்தது போர்ட்டோ ரிக்கோவில் பதிவாகியிருக்கிறது. வளர்க்க முடியவில்லை என்றால் கடையில் திருப்பிக் கொடுங்கள், இங்கே கேளுங்கள், யாராவது எடுத்துக்கொள்வோம்.

கானாடுகாத்தான் வளவு:

சரி ஆச்சி, புரிந்தது. விடமாட்டேன்.

தேவகோட்டை தம்பி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. டெஸ்ட் செய்து பார்த்தேன். நைட்ரைட் இருக்கிறது, சூடும் 32 காட்டுகிறது. தண்ணீர் மாற்றி, இரண்டாவது ஏர் பம்ப் போட்டு, மூடியைக் கொஞ்சம் திறந்து மேலே சின்ன மின்விசிறி வைத்திருக்கிறேன். மூலையில் நிற்பது குறைந்திருக்கிறது. ஃபிளவர்ஹார்ன் வாங்கவில்லை.

வீட்டில் பேசி ஆறடிக்கு இரண்டுக்கு இரண்டு டேங்க் செய்யச் சம்மதம் வாங்கிவிட்டேன். அதில் ஆஸ்கரோடு சில்வர் டாலர் மட்டும் விடலாம் என்று இருக்கிறேன். எத்தனை, எப்படி விடுவது என்று சொல்லுங்கள் அண்ணே. கரண்ட் போனால் என்ன செய்வது?

செக்காலை மீன்காரர்:

நல்ல முடிவு தம்பி. ஆறடி டேங்க் சுமார் 680 லிட்டர். ஆஸ்கருக்கும் ஆறேழு சில்வர் டாலருக்கும் தாராளம். இரண்டு மூன்று என்று வாங்காதீர்கள், கூட்டம் இல்லாவிட்டால் மிரண்டு கண்ணாடியில் முட்டும். ஆஸ்கரின் வாய்க்கு அடங்காத அளவில் எடுங்கள், நாலு அங்குலத்துக்குக் குறையக் கூடாது. அது பக்கவாட்டில் தட்டையாக, உயரமாக இருப்பதால் விழுங்க வராது. வேகமும் உண்டு. இந்த மீன்கள் நடுவில் நிதானமாகத் திரிந்தால் ஆஸ்கரும் ஆபத்து எதுவும் இல்லை என்று புரிந்துகொண்டு மூலையை விட்டு வெளியே வரும். சின்ன மீன் கூட்டத்தின் நடமாட்டத்தைப் பார்த்துத்தான் சிக்லிட்கள் சூழ்நிலையை எடைபோடும்.

வாங்கியதும் நேரே விடாதீர்கள். இரண்டு மூன்று வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்து, வெள்ளைப் புள்ளி, பூஞ்சை இல்லை என்று தெரிந்த பிறகு சேர்க்க வேண்டும். புது டேங்கில் சில்வர் டாலரை முதலில் விடுங்கள், ஆஸ்கர் கடைசியில். கடைசியாக வருபவனுக்கு அது சொந்த இடம் ஆக நாள் பிடிக்கும், அதற்குள் மற்றவை பழகிவிடும். பழைய டேங்கின் ஃபில்டர் பஞ்சை அலசாமல் புது ஃபில்டரில் போட்டால் நன்மை செய்யும் பாக்டீரியா கூடவே வந்துவிடும்.

பெரிய கல், வேர்க்கட்டை வைத்துப் பார்வையை மறைத்துவிடுங்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனை தெரியக் கூடாது. பார்வைக்குப் படாத மீனைத் துரத்த முடியாது. செடி வேண்டாம், சில்வர் டாலர் ஒரு தண்டுகூட மிச்சம் வைக்காது. வேகவைத்த கீரை, வெள்ளரித் துண்டு கொடுத்தால் ஆசையாகத் தின்னும். ஆஸ்கருக்கு ஒரு முனையிலும் அவற்றுக்கு மறுமுனையிலும் ஒரே நேரத்தில் போடுங்கள்.

முதல் வாரம் கவனமாகப் பாருங்கள். ஆஸ்கர் செவுளை விரித்து நிறம் கறுத்து மிரட்டுவது சாதாரணம், ஒரு தடவை துரத்திவிட்டு விட்டுவிட்டால் பயமில்லை. ஒரு மீன் சாப்பிட வராமல் மேல் மூலையில் ஒதுங்கினாலோ, செதில் உதிர்ந்தாலோ அன்றைக்கே தடுப்பு போட்டுவிட வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் அந்த மீன் மிஞ்சாது.

கரண்டுக்கு இன்வெர்ட்டரில் ஏர் பம்ப் ஒன்றை மட்டும் இணைத்துவிடுங்கள், சில வாட்தான் இழுக்கும். அது இல்லாவிட்டால் பேட்டரி ஏர் பம்ப். கரண்ட் வரும் வரை சாப்பாடு போடாதீர்கள்.

புதுவயல் ஃபிஷ் ரூம்:

தடுப்புக் கண்ணாடி வெட்டி வாங்கிவிட்டேன் அண்ணே, டேங்க் பக்கத்திலேயே இருக்கிறது.

தம்பிக்கு ஒன்று. சில்வர் டாலர் என்று சொல்லிக் கடையில் பாகு என்கிற வேறு மீனின் குஞ்சைக் கொடுத்துவிடுவார்கள், சின்னதில் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். வயிறும் மார்பும் சிவந்து, உடம்பில் கறுப்புப் புள்ளி இருந்தால் வாங்காதீர்கள். அது பண்ணையில் வளர்த்து ரூப்சந்த் என்று மீன் மார்க்கெட்டில் விற்கும் இனம், இரண்டடிக்கு மேல் வளரும். நான் அடுத்த வாரம் மதுரைக்குப் போகிறேன். சொன்னால் ஏழெண்ணம் பார்த்து எடுத்து வருகிறேன்.

தேவகோட்டை தம்பி:

எடுத்து வாருங்கள் அண்ணே. டேங்க் வர இன்னும் நாள் ஆகும். அதுவரை தனித் தொட்டியில் வைக்க இடம் தயார் செய்துவிடுகிறேன். நாலு அங்குலத்துக்குக் குறையாமல் பாருங்கள்.